35 நொடி

சூலூர்ப் பக்கம் போனால் சில நாள் பேச்சு பாதியில் நிற்கும். தலைக்கு மேல் போர் விமானம். 2018-ல் தேஜஸ் படைப்பிரிவு அங்கே வந்த புதிதில் டீக்கடையில் ஒருவர் கேட்டார்: "ஏனுங்க, அது தானா நேராப் பறக்காதாமே?"

நிஜம்தான். தேஜஸ் வேண்டுமென்றே நிலையில்லாமல் வடிவமைக்கப்பட்டது. உள்ளங்கையில் விளக்குமாற்றை நிறுத்துகிற சமாசாரம். சட்டென்று வளைந்து திரும்ப அது உதவும்; விழாமல் பார்த்துக்கொள்வது கம்ப்யூட்டர். அதற்கு விமானத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஒரு கணித மாதிரி. காற்று இறக்கையை விட்டுப் பிரியும் கட்டத்தில் அந்த மாதிரியே தடுமாறும். தரையில் சிமுலேட்டரோடு விடாமல், 1996-ல் அமெரிக்காவில் ஓர் எஃப்-16-ல் அதே கட்டுப்பாட்டு விதிகளை ஏற்றிப் பறந்து பார்த்தார்கள். தேஜஸ் முதலில் பறந்தது 2001 ஜனவரி 4.

க்ளின்ட் ஈஸ்ட்வுட்டின் 'சல்லி' (2016, நம்மூர்ச் சல்லிக்காசு அல்ல) படத்தை மறுபடி பார்த்தபோது இதெல்லாம் ஞாபகம் வந்தது. 2009 ஜனவரி 15, நியூயார்க். பறவைகள் மோதி இரண்டு இன்ஜினும் போய், ஏர்பஸ் ஏ320 ஹட்சன் ஆற்றில் இறங்கியது. 155 பேரும் பிழைத்தார்கள்.

படத்தின் உச்சம் விசாரணை அறை. சிமுலேட்டரில் பைலட்டுகள் ஜோராக விமான நிலையத்துக்குத் திரும்புகிறார்கள். என்ன நடக்கும் என்று தெரிந்து உட்கார்ந்தவர்கள்! திகைக்கவும் யோசிக்கவும் 35 நொடி சேர்த்ததும் மோதல். டாம் ஹாங்க்ஸ் குரலை உயர்த்தாமல் ஜெயிக்கிறார். நல்ல சினிமா.

ஆனால், அந்த 35 நொடிச் சோதனையை ஹீரோ வாதாடி வாங்கவில்லை. விசாரணை வாரியமே செய்தது. ஆற்றில் இறக்கியதே சரி என்று 2010-ல் அறிக்கையும் தந்தது. வில்லன் வேண்டுமென்று அவர்களைக் கடுகடுவென்று ஆக்கியதை மன்னிக்கலாம். இன்னொன்றை முடியாது. இன்ஜின் போனவுடனேயே சல்லன்பெர்கர் துணை மின் யூனிட்டைப் போட்டார். அதனால் ஏ320-ன் கம்ப்யூட்டர் பாதுகாப்புகள் உயிரோடு இருந்தன. வேகம் குறைந்த கடைசி நேரத்தில் மூக்கு அளவுக்கு மீறித் தூக்கி விமானம் விழாமல் அவை காவல் இருந்தன. அறிக்கையில் இருக்கிறது. படமோ கம்ப்யூட்டரை எதிர்க்கட்சியில் உட்கார வைத்துவிட்டது.

சிமுலேட்டர் மனிதனை மறந்தது என்று குற்றம் சாட்டும் படம், மெஷினை மறந்துவிடுகிறது. டீக்கடைக்காரரின் அடுத்த கேள்வி இன்னும் நல்ல கேள்வி: "அப்ப, ஓட்டறது யாருங்க?" ரெண்டு பேரும்தானுங்க.