அடைத்த கதவும் அச்சத்தின் நிலைக்களனும்

ஒரு படைப்பைத் தழுவிப் பிறிதொரு படைப்புத் தோன்றுமிடத்து, இரண்டனுள் எது சிறந்தது என்னும் வினா எழுதல் இயல்பு. அதற்கு நுகர்வோர் கூறும் விடைகள் பெரும்பாலும் விருப்பு வெறுப்பின் அளவில் நின்றுவிடுகின்றன. அவ்விடைகளுக்கு அடியில் கிடக்கும் அளவுகோலைக் கண்டு காட்டுதல் திறனாய்வின் கடன். ஸ்பெயின் நாட்டில் ஜௌமே பலகுவேரோ, பாக்கோ பிளாசா என்னும் இருவர் இயக்கி 2007இல் வெளிவந்த ‘ரெக்’ என்னும் திரைப்படத்தையும், அதனைத் தழுவி ஜான் எரிக் டௌடில் அமெரிக்காவில் இயக்கி 2008இல் வெளிவந்த ‘குவாரன்டைன்’ என்னும் திரைப்படத்தையும் பற்றிப் பார்வையாளர் கூறிவரும் கருத்துகளை இந்நோக்கில் ஈண்டு ஆராய்வோம்.

இரு படங்களுக்கும் கதை ஏறத்தாழ ஒன்றே. தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றிற்காகத் தீயணைப்பு நிலையத்திற்கு இரவில் செல்லும் பெண் ஒருத்தியும் அவளுடைய படப்பிடிப்பாளனும், தீயணைப்பு வீரருடன் அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றனுள் நுழைகின்றனர். அங்கே கொடிய தொற்றுநோய் பரவுகிறது. அதிகாரிகள் கட்டடத்தை வெளியிலிருந்து அடைத்துவிடுகின்றனர். உள்ளிருக்கும் படக்கருவி பதிந்தது மட்டுமே நமக்குக் காட்டப்படுகிறது. பின்னணி இசை இல்லை. கருவி காணாததை நாமும் காண்பதில்லை. பின்னர்க் கண்டெடுக்கப்பட்ட பதிவு என்னும் பாவனையே இவ்வகைப் படங்களின் இலக்கணம்.

பார்வையாளர் கருத்துகளை மூவகையாகப் பகுக்கலாம். காட்சிக்குக் காட்சி ஒத்திருத்தலின் மறுவாக்கம் வேண்டாதது என்பது ஒன்று. மூலப்படத்தில் பேய்பிடித்த சிறுமியே நோயின் தோற்றுவாய். மறுவாக்கமோ அதனை நீக்கி, நாய்வெறி நோயைப் போன்றதொரு கிருமியைக் காரணமாக்கியது. இம்மாற்றம் அச்சத்தைக் குறைத்தது என்பாரும், மிகுத்தது என்பாரும் உளர். இது மற்றொன்று. படத்தின் இறுதிக் காட்சியை விளம்பரத்திலேயே காட்டிவிட்டனர் என்னும் குறை மூன்றாவது. இம்மூன்றாவது முற்றும் நியாயமானது. எனினும் அது வணிகரைச் சாரும் குற்றமேயன்றிப் படைப்பின் குற்றம் அன்று. ஏனைய இரண்டும் ஆராயற்பாலன.

முதற்கருத்தை எடுத்துக்கொள்வோம். நம் இலக்கண மரபு வழிநூலை இழிந்ததாகக் கருதியதில்லை. தொல்காப்பிய மரபியல் தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என அதனை நால்வகைப்படுத்துகிறது. முதல்நூலின் முடிபோடு ஒத்து, பின்னோன் வேண்டும் வேறுபாட்டையும் உடையதாக அது விளங்கும் என்பது நன்னூலார் கருத்து. ஆகவே ஒத்திருத்தல் குற்றமன்று; வேறுபட்ட இடத்து அவ்வேறுபாட்டிற்குப் பயன் உண்டா என்பதே வினா. காஞ்சிபுர மாவட்டத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இதற்கு நல்ல ஒப்புமை தருவன. முதற்பராந்தகன் காலத்தில் 919இல் பொறிக்கப்பெற்ற குடவோலை முறை 921இல் மீண்டும் பொறிக்கப்பெற்றது. முன்னதில் உறுப்பினர்க்கு முப்பது முதல் அறுபது வரை வகுக்கப்பெற்ற அகவை, பின்னதில் முப்பத்தைந்து முதல் எழுபது வரை என மாறியது. நோக்கம் ஒன்றே, திருத்தம் பயன் கருதியது. பிற்சாசனத்தை ‘வேண்டாதது’ என்று வரலாற்றறிஞர் எவரும் கூறார். அமெரிக்கப் பார்வையாளர் பலர்க்கு மறுவாக்கமே முதலில் கிட்டியது. மூலப்படம் அங்கே 2009இல்தான் குறுந்தட்டு வடிவில் பரவலாயிற்று. முதல்நூலைக் காணாது வழிநூலைக் கண்டோர் அதனைத் தனிநூலாகவே நுகர்ந்தனர் என்பதும் நோக்கத்தக்கது.

இனி இரண்டாம் கருத்து. அச்சம் என்னும் மெய்ப்பாடு அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கன்கண் பிறக்கும் என்பது மெய்ப்பாட்டியல் காட்டும் நெறி. பேய் முதலியன அணங்கின்பாற்படும், அரசன் இறையின்பாற்படுவான். இந்நான்கையும் இரு படங்களிலும் பொருத்திக் காண்போம். நாயின் வாயிலாக நோய் வந்தது என்னும் செய்தி இரண்டிலும் உண்டு, இது விலங்கு. மூலப்படத்தின் மேல்மாடத்தில் வெளிப்படுவது அணங்கு. மறுவாக்கத்தில் அவ்விடத்தே வெளிப்படுவது, ஆய்வுக்கூடத்திலிருந்து கிருமியைத் திருடிய ஒரு கூட்டத்தாரின் செயல், இது கள்வர். கட்டடத்தை அடைத்த அரசின் செயல் இரண்டிற்கும் பொதுவாகிய இறை. எனின், டௌடில் அச்சத்தைக் குறைக்கவுமில்லை, மிகுக்கவுமில்லை. ஒரு நிலைக்களனை நீக்கி மற்றொன்றை அவ்விடத்தில் நிறுத்தினார். சாளரத்தின் வழியே தப்ப முயல்பவன் வெளியிலிருந்து சுடப்பட்டு மடிவதாகக் காட்டி, இறைபற்றிய அச்சத்தை அவர் கூர்மைப்படுத்தவும் செய்தார். அணங்கின் இழப்பை மட்டும் கணக்கிடும் பார்வையாளர் இவ்வூதியத்தைக் காணாது விடுகின்றனர்.

ஆயினும் மறுவாக்கத்தில் ஓர் உண்மையான இழப்பு உண்டு. அது பேய் நீங்கியதால் நேர்ந்ததன்று. மூலப்படத்துப் பாதிரியார், பேய்பிடித்தலுக்கு உடற்கூற்றுக் காரணம் தேடுகிறார். அவர் ஆய்விலிருந்தே அது தொற்றாக மாறுகிறது. அஃதாவது, அங்கே அணங்கும் நோயும் ஒன்றே. ‘பேயா, நோயா’ என்று வழக்கிடும் இரு சாராரும் இதனை மறந்தனர். மறுவாக்கம் அவ்விணைப்பை அறுத்தது. அறுத்த பின்னர், அந்நோயை உள்ளிருப்போர் எவ்வாறு பொருள்கொண்டனர் என்னும் வினாவிற்கு அப்படத்தில் இடமே இல்லாமற் போயிற்று. மக்கள் அஞ்சி ஓடுகின்றனர். தமக்கு நேர்ந்தது யாது என்று எண்ண அவர்க்கு ஒரு சொல்லும் இல்லை.

இவ்விணைப்பு நம் நாட்டார்க்குப் புதிதன்று. உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் தமிழகத்தின் பிற பகுதிகளிலும், அம்மை கண்ட வீட்டு வாயிலில் வேப்பிலை செருகும் வழக்கம் உண்டு. நோய்க்கும் தெய்வத்திற்கும் பெயர் ஒன்றே. அவ்வீட்டினுள் அயலார் புகார், தாளிதம் செய்யார், நோய் இறங்கிய பின் வேப்பிலையும் மஞ்சளும் இட்ட நீரை வார்ப்பர். இந்தியா பெரியம்மையினின்று விடுபட்டதாக 1977இல் அறிவிக்கப்பெற்றது. சின்னம்மைக்கு இவ்வழக்கம் இன்றும் நிற்கிறது. மருத்துவ நோக்கில் இதன் குறைநிறைகள் வேறு. நாம் இங்குக் கருதுவது கதவை. வேப்பிலைக் கதவும் தனிமைப்படுத்தும் கதவே. ஆயின் அதனை அடைப்போர் உள்ளிருப்போர். அடைத்தவரே நோயாளியின் அருகில் இருந்து பேணுவர். படத்தில் காணும் கதவை அடைப்போர் வெளியிலிருப்போர். உள்ளிருப்போர் முகத்தை அவர் காண்பதில்லை. முன்னதில் அணங்குபற்றிய அச்சம் பணிவாக மாறுகிறது. பின்னதில் இறைபற்றிய அச்சம் மாறுதற்கு வழியில்லை.

2020இல் கொரோனா பரவியபொழுது தமிழகத்தில் நோயுற்றோர் வீட்டு வாயிலில் அறிவிப்புத்தாள் ஒட்டப்பட்டது. சென்னை போன்ற இடங்களில் வாயில்கள் தகரத்தால் மறைக்கவும் பட்டன. தொற்றைத் தடுக்கும் நோக்கம் மறுத்தற்கரியது. ஆயினும் இரண்டாவது வகைக் கதவை நம்மவர் நேரில் கண்டது அப்பொழுதே. அவ்வாண்டிற்குப் பின் இப்படங்களைக் காண்போர்க்கு, மேல்மாடத்து இருளைக் காட்டிலும் கீழே தாழிட்ட வாயிலே அச்சம் தரக்கூடும். பார்வையாளர் கருத்து காலத்தோடு மாறுவது சுவையறியாமையால் அன்று. நால்வகை நிலைக்களன்களுள் எது முன்னிற்கும் என்பதை வாழ்வு மாற்றிவிடுதலால் என்க.

இதுகாறும் கூறியவாற்றால், மறுவாக்கம் என்பதுபற்றியே அப்படத்தை இகழ்தல் பொருந்தாது என்பதும், பேயை நீக்கியது குறையன்று, பேயையும் நோயையும் பிரித்து நோயுற்றோரை ஊமையராக்கியதே குறை என்பதும் பெறப்படும். மெய்ப்பாட்டியல் செய்யுளுக்கு மட்டும் உரியதன்று. இக்காலத் திரைப்படங்களின் அச்சத்தை ஆராயப் புகும் முதுகலை மாணவர், நிலைக்களன் நான்கனுள் படைப்பு எதனைத் தேர்ந்தது, எதனை விட்டது என்னும் வினாவோடு தொடங்குவாராயின், தம் விருப்பு வெறுப்பைக் கடந்து சிலவற்றைக் காண்பர்.