கல்வெட்டு இல்லாத ஊர்

மாட்டுத்தாவணியில் திருச்சி பஸ் ஏறி "கொட்டாம்பட்டி ஒண்ணு" என்று கேட்டுப் பாருங்கள். பாதி பஸ்களில் கண்டக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "நிக்காது. மேலூர்ல எறங்கி மாறிக்கங்க." நாலுவழிச் சாலை வந்த பிறகு இந்த "நிக்காது" எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் பழகிப்போன ஒரு சொல். எங்கள் வட்டார வரலாற்றைப் பற்றி எழுதப்பட்டவற்றை உட்கார்ந்து படித்தபோதும் இதே சொல்தான் ஞாபகம் வந்தது. வரலாறும் மேலூரில் நிற்கிறது, கருங்காலக்குடியில் ஒரு நிமிடம் நிற்கிறது, அப்புறம் கொட்டாம்பட்டியைத் தாண்டிப் போய்விடுகிறது.

நிற்கிற இடங்களில் எல்லாம் கல் இருக்கிறது. மீனாட்சிபுரம் மலையில், மாங்குளம் கல்வெட்டு என்று எல்லோரும் சொல்கிற அதில், நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது. 1882இல் ராபர்ட் சூவல் கண்டுபிடித்தார். 1965இல் ஐராவதம் மகாதேவன் பாண்டியன் பெயரை வாசித்துக் காட்டினார். அரிட்டாபட்டியில் தமிழிக் கல்வெட்டு, குடைவரைச் சிவன் கோயில், சமணத் தீர்த்தங்கரர். கீழவளவில் தலைகீழாக எழுத்து வெட்டிய ஒரு கல்வெட்டு, அதில் தொண்டிக்காரர் ஒருவர். கருங்காலக்குடிப் பாறையில் வெள்ளை ஓவியங்கள், கற்படுக்கை, அச்சணந்தி செய்வித்த திருமேனி. இவ்வளவும் ஒருநாள் பைக்கில் சுற்றி வந்துவிடக்கூடிய தூரம். ரொம்பப் பெருமையாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் இந்த வகைக் கட்டுரைகளை, சின்னப் புத்தகங்களை, கோயில் மலர்களைத் தொடர்ந்து வாசித்தால் ஒரு விஷயம் உறுத்தும். 2,000 வருஷத்துக்கு முந்தைய வணிகர் பெயர் தெரிகிறது. அவர் எந்த ஊர்க்காரர் என்பதுகூடத் தெரிகிறது. அந்த மலைக்குக் கீழே இன்றைக்கு ஆடு மேய்க்கிற பெண்ணின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. கல்லில் இருந்து ஒரே தாவாகத் தாவி, "இவ்வூர் மக்கள் விருந்தோம்பலில் சிறந்தவர்கள்" என்று முடித்துவிடுகிறார்கள். நடுவில் இருபது நூற்றாண்டு காலி.

இந்தக் காலியிடத்தை எனக்கு உறைக்க வைத்தது எங்கள் பக்கத்துப் புத்தகம் இல்லை. தென்னாப்பிரிக்காவில் பிறந்து போட்ஸ்வானாவுக்கு ஓடிவந்த பெஸ்ஸி ஹெட் எழுதிய 'செரோவே: மழைக்காற்றின் கிராமம்'. 1981இல் வெளிவந்தது. பெஸ்ஸி ஹெட் 1937இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஒரு மனநல மருத்துவமனையில் பிறந்தவர். வெள்ளைக்காரத் தாய், கறுப்பினத் தந்தை. அந்த நாட்டில் அது குற்றமாக இருந்த காலம். 1964இல், திரும்பி வரவே முடியாது என்ற அனுமதிச்சீட்டோடு எல்லை தாண்டி செரோவேக்கு ஆசிரியையாகப் போனார். குடியுரிமை கிடைக்க 15 வருஷம் ஆனது. அந்த ஊரில் அவருக்கு ஒரு பங்காளி கிடையாது, குலசாமி கிடையாது. அப்படிப்பட்ட ஒரு ஆள்தான் அந்த ஊருக்கு வரலாறு எழுதியிருக்கிறார்.

எப்படி எழுதினார் என்பதுதான் விஷயம். ஏறக்குறைய நூறு பேரிடம் போய்ப் பேசினார். கூரை வேய்கிறவர், பானை வனைகிறவர், தோல் பதனிடுகிறவர், வாத்தியார், கிழவி, இளவட்டம். அவர்கள் சொன்னதைப் பெரும்பாலும் அவர்கள் வாயாலேயே சொல்ல விட்டார். நடுவில் தன்னுடைய குறிப்புகளைச் சேர்த்தார். செரோவே பழைய ஊரும் கிடையாது. மூன்றாம் காமா என்ற அரசர் பழைய தலைநகரில் தண்ணீர் வற்றிப்போனதால் 1902இல் தன் மக்களோடு பெயர்ந்து வந்து அமைத்த ஊர் அது. மண்சுவர், புல்கூரை. மழைக்கு மழை பூச வேண்டும், கூரையைப் புதுசாக வேய வேண்டும். கல்லில் ஒரு எழுத்துகூட இல்லாத, பெஸ்ஸி ஹெட் எழுதும்போது ஏறக்குறைய எழுபது வருஷமே ஆகியிருந்த ஊர். நம் ஊர் ஆய்வாளர் யாராவது அங்கே போயிருந்தால் "தொன்மையான சான்றுகள் ஏதும் இல்லை" என்று எழுதிவிட்டு மறு பஸ் பிடித்திருப்பார்.

இதைப் படித்துவிட்டுத்தான் நான் கொட்டாம்பட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். ஒன்றிய அலுவலகம், நத்தம் ரோடு, சிங்கம்புணரி ரோடு, தென்னந்தோப்பு, புரோட்டா கடை. "இங்க என்ன இருக்கு?" என்று இங்கே இருக்கிறவனே கேட்கிற ஊர். செரோவேயிலும் அதையேதான் கேட்டிருப்பார்கள்.

புத்தகத்தைக் கொண்டாடிவிட்டுப் போய்விட முடியாது. அதில் ஒரு கோணல் இருக்கிறது. நூறு பேர் பேசுகிறார்கள், சரி. ஆனால் அந்த நூறு பேரையும் மூன்று பெரிய மனிதர்களைச் சுற்றித்தான் அடுக்கியிருக்கிறார்: மணமகள் விலையை ஒழித்த, சாராயத்தைத் தடுத்த காமா, அவர் மகன் ட்செகேடி, ஸ்வானெங் ஹில் பள்ளியை 1963இல் தொடங்கிய பாட்ரிக் வான் ரென்ஸ்பர்க். ட்செகேடி காலத்தில் மோயெங் கல்லூரியைக் கட்ட ஊர் இளைஞர்களைச் சம வயதுப் படைகளாகப் பிரித்துக் கூலி இல்லாமல் வேலை வாங்கினார்கள். கல் சுமந்தவர்களின் குரல் புத்தகத்தில் இருக்கிறது. ஆனாலும் அத்தியாயத்தின் தலையில் உட்கார்ந்திருப்பது தலைவர்தான். எனக்கு இது நம்மூர் பாணி மாதிரியே பட்டது. கண்மாயை வெட்டியவன் யாரோ, கல்வெட்டில் பெயர் வேறு யாருக்கோ.

இன்னொன்று. அந்த நாட்டில் மசார்வா என்று இழிவாக அழைக்கப்பட்ட, தலைமுறை தலைமுறையாக அடிமைகளாக வைக்கப்பட்ட மக்கள் உண்டு. அவர்களைப் பற்றிப் பெஸ்ஸி ஹெட் எழுதாமல் இல்லை. 1971இல் வந்த 'மாரு' நாவல் முழுக்க அதுதான்: ஒரு மசார்வாப் பெண் ஊருக்கு டீச்சராக வருகிறாள், நான் மசார்வாதான் என்று வெளிப்படையாகச் சொல்கிறாள், ஊர் கொதிக்கிறது. நாவலில் அவ்வளவு கூர்மையாகக் கேட்ட கேள்வி, ஊர் வரலாற்றில் அதே வேகத்தோடு வரவில்லை என்பது என் எண்ணம். அடைக்கலம் கொடுத்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் உண்டு. பிறந்த ஊரைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு அது இன்னும் அதிகம்.

என் கதைக்கு வருகிறேன். கொட்டாம்பட்டி வட்டாரத்தில் கோடையில் கண்மாய் வற்றும்போது மீன்பிடித் திருவிழா நடக்கும். சாமி கும்பிட்டுப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். ஊத்தா, கச்சா, வலை, பழைய சேலை என்று கையில் கிடைத்ததோடு சுற்றுப்பட்டு ஊர்சனம் மொத்தமும் உள்ளே இறங்கும். கெளுத்தி, விரால், கெண்டை. மறுநாள் பேப்பரில் ஒவ்வொரு வருஷமும் ஒரே வரி வரும்: சாதி மத பேதமின்றி மக்கள் கலந்துகொண்டார்கள் என்று. அந்த வரி பொய் இல்லை. சேற்றுக்குள் எல்லோரும்தான் இறங்குகிறார்கள். துண்டை வீசுகிறவர் எந்தத் தெருக்காரர் என்று மட்டும் பேப்பரில் வராது.

அப்பத்தாவிடம் போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். தாது வருசப் பஞ்சத்தைப் பற்றி அவளுடைய அப்பத்தா சொன்னதைச் சொன்னாள். மஞ்சுவிரட்டில் செத்துப்போன ஒரு சித்தப்பாவைச் சொன்னாள். கண்மாயைப் பற்றிக் கேட்டேன். "நாமதான்டா வெட்டுனோம். நம்ம பாட்டன் பூட்டன் வெட்டுனது."

"நாமன்னா யாரு அப்பத்தா?"

"நாமன்னா நாமதான். ஊருதான்."

இந்த "ஊரு" என்ற சொல்லில்தான் எல்லாம் மாட்டிக்கொண்டு நிற்கிறது. தமிழில் ஊர் என்றால் கிராமம் முழுக்க என்று அர்த்தம். ஊர் என்றால் காலனி தவிர்த்த மிச்சம் என்றும் அர்த்தம். ஒரே வாக்கியத்தில் இரண்டையும் சொல்லிவிட்டுச் சிரமமில்லாமல் போக நமக்குத் தெரியும். பாமாவின் 'கருக்கு' ஊரின் மலைகளையும் தெருக்களையும் வரிசையாகச் சொல்லித் தொடங்குகிறது. யார் எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று சொன்ன பிறகுதான் அங்கே கதையே நகரும். 1992இலேயே வந்துவிட்ட புத்தகம். அதற்குப் பிறகும் தெருவைச் சொல்லாமல் ஊர் வரலாறு எழுத முடிகிறது என்றால் அது மறதி இல்லை, பழக்கம். கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்' எனக்கு மிகப் பிடித்த நாவல். ஆனால் அதில் பேசுவது காட்டைத் திருத்திக் குடியேறியவர்களின் "நாம". 'காவல் கோட்ட'த்தில் வெள்ளைக்காரக் கெஜட்டியர் திருடர் என்று எழுதி வைத்தவர்களுக்கு ஒரு முழு வரலாறு கிடைத்தது. அது பெரிய காரியம்தான். அந்த மாதிரி ஆயிரம் பக்கம் இன்னொரு தெருவுக்கும் வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் இதைச் சொல்லாமல் தாண்டவே முடியாத ஊர் மேலவளவு. தனித்தொகுதியாக அறிவிக்கப்பட்ட ஊராட்சிக்கு 1996 தேர்தலில் தலைவராக வந்தவர் முருகேசன். 1997 ஜூன் 30ஆம் தேதி, மதுரைக்குப் போய்விட்டுத் திரும்பி வரும்போது பஸ்ஸை மறித்து அவரையும் இன்னும் ஐந்து பேரையும் வெட்டிக் கொன்றார்கள். தண்டனை பெற்றவர்களில் 13 பேர் 2019இல் முன்கூட்டியே விடுதலை ஆனார்கள். பக்கத்து மலைகளின் தமிழிக் கல்வெட்டைப் பற்றி மேலூர் வட்டார வரலாறு என்று எழுதுகிறவர்கள் எழுத்து எழுத்தாக விவாதிக்கிறார்கள். இந்தத் தேதியைப் பற்றி ஒரு வரி எழுத மாட்டார்கள். அது "அரசியல்" என்பார்கள். நெடுஞ்செழியன் செய்தது மட்டும் என்னவாம்?

இந்த நேரத்தில் கல்லைப் பழித்துப் பேசுவது நன்றிகெட்டதனம் என்று சிலர் சொல்லக்கூடும். அதில் நியாயம் இருக்கிறது. 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலம் பற்றிய செய்தி வந்தது. 2,015 ஹெக்டேர். அரிட்டாபட்டியும் அதற்குள். அந்த அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193 ஹெக்டேரைத்தான் 2022இல் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்திருந்தார்கள். 2025 ஜனவரி 7ஆம் தேதி நரசிங்கம்பட்டியில் இருந்து மதுரையை நோக்கி ஜனம் நடந்தது. அதே மாதம் 23ஆம் தேதி ஏலம் ரத்தானது. அந்த இரண்டரை மாதமும் டீக்கடையில், டிராக்டரில், மேடையில் எல்லோரும் கல்வெட்டு பேசினார்கள். பள்ளிக்கூடப் பையன்கள் லகுலீசர் என்று சரியாக உச்சரித்தார்கள். வரலாறு இப்படி ஒரு கேடயமாகக் கையில் வந்ததை நான் என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

எனக்குள் அரித்துக்கொண்டிருந்த கேள்வி அப்போதுதான் வெளியே வந்தது. கல்வெட்டோ, ராஜாளியோ, தீர்த்தங்கரரோ இல்லாத மலைக்கு யார் நடப்பார்கள்? கீழவளவுச் சுற்றுவட்டாரத்தில் கிரானைட்டுக்காக அறுத்தெடுத்த இடங்களில் இன்றைக்கு மலை இல்லை, பச்சைத் தண்ணீர் நிற்கும் பள்ளம் இருக்கிறது. அந்த மலைகளின் அடியிலும் ஆடு மேய்ந்தது. ஒரு ஊரைக் காப்பாற்ற 2,000 வருஷச் சான்றிதழ் வேண்டும் என்று நாமே ஒப்புக்கொண்டுவிட்டால், சான்றிதழ் இல்லாத கொட்டாம்பட்டி மாதிரி ஊர்களுக்கு என்ன பதில்? செரோவே புத்தகம் எனக்கு முக்கியமாகப் படுவது இதனால்தான். ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு ஞாபகம் இருக்கிறது, ஊர் என்று சொல்ல இதுவே போதும் என்று அது எடுத்துக்கொள்கிறது.

போன மாதம் போனில் இருந்த பதிவுகளை எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. அப்பத்தா, பெரியப்பா, கோயில் பூசாரி, பழைய நீர்பாய்ச்சி என்று பதினோரு குரல். பதினொன்றும் ஒரே தெரு. பெஸ்ஸி ஹெட் கோணலைப் பற்றி மேலே நான்கு வரி எழுதியவன் நான்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலனிப் பக்கம் போனேன். எழுபது வயதுக்காரர், கண்மாய்க் கரைக்கு மண் சுமந்த கதையைத் தன் அப்பாவிடம் கேட்டவர் என்று சொல்லியிருந்தார்கள். அப்பத்தா அவரை "அவன்" என்றுதான் சொல்லியனுப்பினாள். அவர் கட்டிலில் இருந்து எழுந்து நின்று, இருபத்தாறு வயதுக்காரனான என்னை "வாங்க, உக்காருங்க" என்றார். நீங்க உக்காருங்கய்யா என்று நான் சொல்லி, அவர் உட்காராமல், கொஞ்ச நேரம் இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம். ரெக்கார்டரைப் போடலாமா என்று கேட்டேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"கண்மாயி வெட்டுனதா? அத ஒங்க வீட்டுல கேட்டீங்களா தம்பி? என்ன சொன்னாக?"