ஏரிக்கரையே சமவுயரக் கோடு

நிலத்தின் மேடுபள்ளங்களையும் அதன்மேல் அமைந்த ஊர், சாலை, நீர்நிலை, காடு ஆகியவற்றையும் ஒருசேரக் காட்டும் இடவிளக்க வரைபடத்தை, அதாவது பொறியாளர்களும் புவியியல் மாணவர்களும் ‘டோப்போஷீட்’ என்று சொல்லும் தாளை, மலைநாட்டில் நடப்பவருக்கே உரிய கருவியாகக் கருதுவது வழக்கம். நீலகிரியையோ பழனிமலையையோ காட்டும் தாளில் சமவுயரக் கோடுகள், அதாவது கடல்மட்டத்திலிருந்து ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள், நெருங்கியும் விலகியும் ஓடிப் பள்ளத்தாக்கையும் முகட்டையும் தாமே எழுப்பிக் காட்டிவிடுகின்றன. படப்பைக்கும் ஒரகடத்துக்கும் இடையே, வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் உள்ள சேரப்பணஞ்சேரியைச் சுற்றிய நிலத்தில் அக்கோடுகள் அரிதாகவே தென்படும் என்பதால், அந்தத் தாளைக் கையில் எடுப்பவர் பார்க்க எதுவும் இல்லை என்று மடித்து வைத்துவிடக்கூடும். அது அவசர முடிவு. இங்கே நிலத்தின் சாய்வைச் சொல்லும் கோடுகளை, நில அளவையாளர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, மண்ணைக் கொட்டி ஊரார் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

தாளைத் தேடுவதில் ஒரு சிறு சிக்கல் உண்டு. ஒரகடத்துக்கும் படப்பைக்கும் இடையே 80 பாகை கிழக்குத் தீர்க்கரேகை செல்கிறது. பழைய எண்முறையில் அந்தக் கோட்டுக்கு மேற்கே 57-ஆம் வரிசையும் கிழக்கே 66-ஆம் வரிசையும் தொடங்குவதால், இந்தப் பகுதியை முழுமையாகப் பார்க்க விரும்புபவர் இரண்டு தாள்களை விளிம்போடு விளிம்பாக ஒட்டியே பார்க்க வேண்டும். ஒவ்வொரு தாளும் 15 கலை (ஒரு பாகையின் கால் பங்கு) அகலமும் 15 கலை நீளமும், ஏறத்தாழ 27 கிலோமீட்டருக்கு 27 கிலோமீட்டர் பரப்பும் கொண்டது. ஒரு மைலை ஓர் அங்குலமாகச் சுருக்கிய பழைய பதிப்புகளின் படவிகிதம் 1:63,360. மெட்ரிக் முறைக்குப் பின் வந்தவற்றில் அது 1:50,000, அதாவது தாளில் 2 சென்டிமீட்டர் என்பது தரையில் ஒரு கிலோமீட்டர். பிந்தைய வகையைச் சார்ந்த புதுப்பிக்கப்பட்ட தாள்களை இந்திய நில அளவைத் துறையின் இணையவாயிலிலிருந்து பதிவிறக்கலாம். பழையவற்றுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் போன்ற இடங்களை நாட வேண்டும். எந்தத் தாளாயினும் முதலில் பார்க்க வேண்டியது ஓரத்தில் உள்ள ஆண்டுகளைத்தான்: அளவை செய்த ஆண்டும் அச்சிட்ட ஆண்டும் வேறுவேறாக இருக்கும், இரண்டுக்கும் இடையே நிலம் காத்திருப்பதில்லை.

இந்த மண்ணில் அளவைக்கு நீண்ட வரலாறு உண்டு. செங்கல்பட்டு ஜாகிர் என்று அழைக்கப்பட்ட நிலப்பரப்பை 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்ட் என்ற பொறியாளர் ஊர் ஊராக அளந்து, வீடு, நிலம், நீர்நிலை, விளைச்சல் ஆகியவற்றைக் கணக்கெடுத்தார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த பெரும் பணிக்கு, வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலைக்கு அருகே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அந்த இடம் சேரப்பணஞ்சேரியிலிருந்து நேர்க்கோட்டில் 30 கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது.

தாளை விரித்தவுடன் பெயர்களைப் படிக்கத் தொடங்காமல், பிறை வடிவக் கோடுகளைத் தேடுவது நல்லது. ஏரிக்கரையைக் குறிக்கும் அந்தக் கோடு எப்போதும் நீர்நிலையின் தாழ்ந்த பக்கத்தில் வளைந்திருக்கும். மழைநீர் வந்து சேரும் உயர்ந்த பக்கத்தில் கரை இருக்காது. ஆகவே பிறையின் திறந்த வாய் மேட்டையும் அதன் முதுகு பள்ளத்தையும் காட்டுகின்றன என்ற ஒன்றை மட்டும் மனத்தில் கொண்டால், சமவுயரக் கோடு ஒன்றுகூட இல்லாத இடத்திலும் நிலம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை விரலால் தொட்டுச் சொல்லிவிடலாம். கரைக்கு அருகே ஓர் எண்ணும் அதையடுத்து ‘ஆர்’ என்ற சிறு ஆங்கில எழுத்தும் இருந்தால், அது கடல்மட்டத்திலிருந்து கணக்கிட்ட உயரமன்று; அடுத்துள்ள தரையிலிருந்து கரை எத்தனை மீட்டர் எழுகிறது என்பதைச் சொல்வது. கிணற்றுக்கு அருகே அதே குறி ஆழத்தைக் குறிக்கும். வற்றாத நீர் நீலத்திலும், ஆண்டில் சில மாதங்களே ஓடும் ஓடை கருப்பிலும் வரையப்படுவதால், ஏரிகள் நிறைந்த இந்த நாட்டில் நீலம் குறைவாக இருப்பதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழையை நம்பிய நீர்நிலைகள் கோடையில் மேய்ச்சல் தரையாகிவிடுபவை.

அடுத்து ஒரு கரையின் கோடியில் தொடங்கும் மெல்லிய கோட்டைப் பின்தொடர வேண்டும். அது பெரும்பாலும் கலங்கலிலிருந்து, அதாவது ஏரி நிரம்பியபின் மிகைநீர் வழியும் கல்கட்டிலிருந்து புறப்படும் போக்குக் கால்வாய். சற்றுத் தொலைவில் அதுவே அடுத்த ஏரிக்கு வரத்துக் கால்வாயாக மாறும். இப்படி ஒன்றின் வழிவு மற்றொன்றின் வரவாகும் சங்கிலித் தொடரை மேலிருந்து கீழாக ஒருமுறை பென்சிலால் வரைந்து பார்ப்பவருக்கு, தாளின் நடுவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெரிய சரிவு புலப்பட்டுவிடும். மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கத்து ஏரிகளின் மிகைநீரே அடையாற்றின் தலைப்பகுதி என்பதை எழுத்தில் படிப்பதும் விரலால் தொடர்வதும் ஒன்றாகா. 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியதைப் பலர் ஆற்றின் வெள்ளமாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். ஏரிச் சங்கிலியை வரைந்து பார்த்தவருக்கு அது அந்த ஏரிகளின் வெள்ளமும்கூட.

பெயர்களிலும் சுவை உண்டு, பொறியும் உண்டு. தாங்கல் என்று முடியும் பெயர் சிறு ஏரியையும், பாக்கம் என்பது குடியிருப்பையும், மங்கலம் என்பது பெரும்பாலும் பழைய பிரமதேய ஊரையும், அதாவது அந்தணருக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊரையும் நினைவூட்டும். மணிமங்கலம் பல்லவ நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியை வென்ற களங்களுள் ஒன்றாகக் கூரம் செப்பேட்டில் இடம்பெறுகிறது. ஆனால் ஆங்கில எழுத்தில் அச்சான தாளில் ண, ன, ந ஆகிய மூன்றும் ஒரே எழுத்தாகிவிடுவதால், சேரப்பணஞ்சேரி என்ற பெயரை அதில் படிப்பவர் பனைமரத்தை உடனே கற்பனை செய்துவிடுவார். பனைக்கென்று தனிக் குறியே இந்த வரைபடங்களில் உண்டு என்பதால் அந்த ஆசை இன்னும் வலுக்கும். தமிழில் எழுதும்போது வரும் டண்ணகரம் அந்த விளக்கத்தை அத்தனை எளிதில் அனுமதிப்பதில்லை.

வரைபடம் சொல்லாமல் சொல்லும் செய்தி ஒன்றும் உண்டு. இவ்வட்டாரத்தின் பல ஊர்களில் குடியிருப்பைக் குறிக்கும் சிவப்புப் புள்ளிகள் இரண்டு திரளாக, இடையே வயல் விட்டு நிற்கும். ஊரும் சேரியும் பிரிந்து வாழ்ந்ததை எந்த விளக்கக் குறிப்பும் இன்றி அந்த இடைவெளி பதிவு செய்திருக்கிறது; பெயர் பல இடங்களில் ஒரு திரளுக்கு மட்டுமே எழுதப்பட்டிருப்பதையும் கவனிக்கலாம்.

பழைய தாளைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்திப் பார்ப்பது கடைசியில் செய்ய வேண்டியது; முதலிலேயே செய்தால் கண் புதியதையே பார்க்கும். ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான் ஆலையும் 2013-இல் ராயல் என்ஃபீல்டு ஆலையும் உற்பத்தியைத் தொடங்கியபின் நிலத்தின் முகம் மாறிவிட்டது. மேய்க்காலும் புதரும் இருந்த இடங்களில் நேர்க்கோட்டுச் சாலைகளும் நீண்ட கூரைகளும் வந்துள்ளன. இரண்டையும் ஒப்பிடும்போது தேட வேண்டியது காணாமல் போனவற்றை மட்டுமன்று. சமதரையில், தடையாக எதுவும் தெரியாத இடத்தில், ஒரு கிராமச் சாலை திடீரென்று பிறைபோல வளைந்து மீண்டும் நேராகுமானால், அதே இடத்தைப் பழைய தாளில் பார்க்கலாம்: பல வேளைகளில் அங்கே ஒரு கரை இருக்கும். லாரிகள் இன்றும் அந்தக் கரையின் முதுகில்தான் திரும்பிச் செல்கின்றன.