தூதும் துதியும்

வானம் மாசற்றது! திங்கள் மேடுபள்ளமற்ற பளிங்குப் பந்து! அனைத்தும் பூமியையே சுற்றும்! ஐரோப்பா நெடுங்காலம் நம்பிய கோட்பாடு இது. ஐயம் எழுப்பியவர் ஐயத்திற்குரியவரானார்.

அந்த நம்பிக்கையை அசைத்தது, 1610 மார்ச்சில் வெனிஸ் நகரில் வெளிவந்த ஒரு சிற்றேடு. பெயர், 'விண்மீன் தூதன்'; எழுதியவர் கலிலியோ. எட்டுக் கோள்கள், குறுங்கோள்கள், சிறுகோள்கள், வால்மீன்கள், துணைக்கோள்கள் என்று சூரியக் குடும்பத்தை இன்று அறிமுகம் செய்யும் நூல்களுக்கெல்லாம் அது மூத்த உடன்பிறப்பு.

அதன் மாண்பு எதில்? கட்டளையிடவில்லை; கண்டதைக் காட்டிற்று. சனவரி 7-ஆம் நாள் இரவு, வியாழனருகே மூன்று ஒளிப்புள்ளிகள்: கிழக்கே இரண்டு, மேற்கே ஒன்று. மறுநாள் மூன்றுமே மேற்கே! 13-ஆம் நாள் நான்காவதும் தென்பட்டது. இரவுதோறும் படம் வரைந்தார், இடம் குறித்தார். அவை வியாழனைச் சுற்றும் நிலவுகள் என்று முடிவுகட்டினார். பூமியைச் சுற்றாதனவும் வானில் உண்டெனில், பழைய கோட்பாட்டிற்கு வாழ்வேது? திங்களில் மலைகளையும் கண்டார். பளிங்குப் பந்து பொடிப்பொடியாயிற்று.

குறை இல்லையா? உண்டு. அந்நிலவுகளுக்கு அவர் சூட்டியது, புளோரன்சை ஆண்ட மெடிசிக் குடும்பத்தின் பெயர்! நூலின் முகப்பில் கோமகன் கோசிமோவுக்குப் புகழ்மாலை. அவ்வாண்டே அரண்மனைப் பதவி கிட்டிற்று. தொலைநோக்கி வானை நோக்கிற்று. எழுதுகோலோ கோமகனை நோக்கிற்று! நூலின் மொழியும் இலத்தீன். அயல்நாட்டு அறிஞரை எட்டிய ஏடு, அண்டைவீட்டு உழைப்பாளியை எட்டவில்லை.

பின்னாளில் அவரே திருந்தினார். 1632-இல் வெளியிட்ட 'உரையாடல்' நூலை மக்கள் மொழியாம் இத்தாலியத்தில் எழுதினார். மறு ஆண்டே ரோமாபுரியின் சமய நீதிமன்றம், கொண்ட கொள்கையைக் கைவிடச் செய்து, வீட்டுக்காவலில் வைத்தது. 1642-இல் மறையும் வரை விடுதலையில்லை. அரசவைப் பதவி அரணாகவில்லை.

மெடிசிப் பெயர் உதிர்ந்தது. அயோ, யுரோப்பா, கனிமீட், காலிஸ்டோ என்ற பெயர்களில் நிலவுகள் உலவுகின்றன. கனிமீட், புதன் கோளினும் பெரிது!

துதியைத் தள்ளுவோம், தூதைக் கொள்வோம். 1930-இல் கோளென்று கொண்டாடிய புளூட்டோவை 2006-இல் குறுங்கோளென வகைமாற்றியது அறிவியல். சான்று பெருகினால் முடிவைத் திருத்துவது அதற்கு இழுக்கன்று, இயல்பு.

தோழனே, இதையும் என் சொல்லுக்காக நம்பாதே. வியாழன் தெரியும் இரவில், எளிய இரட்டைக்குழல் தொலைநோக்கியை அசையாமல் பிடித்துப் பார். அந்த நான்கு சான்றுகளும் இன்றும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன!