பின்பக்கம் பார்த்த பிறகு

குறுவை அறுப்பு முடிந்து, பூதலூர் வீட்டுப் பரணை ஒழித்தபோது, பழைய வேட்டியில் சுற்றிய ஒட்டுத்துணி விரிப்பு ஒன்று கிடைத்தது. அப்பாயி தைத்தது. விரிப்பு என்றாலும் மேல்துணி மட்டும்தான். துண்டுகளை இணைத்ததோடு நின்றுபோயிருந்தது.

எட்டு வரிசை, வரிசைக்கு ஆறு கட்டம். அரக்குச் சிவப்புச் சுங்குடி, கடுகு மஞ்சள் கண்டாங்கி, தாத்தாவின் சட்டைத்துணி. சுங்குடியை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கையால் முடிச்சிட்டுச் சாயத்தில் முக்கியது. ஒரு புள்ளி எள்ளளவு, அடுத்தது கசிந்தாற்போல். மதுரைச் சுங்குடிக்குப் புவிசார் குறியீடு வந்தது 2005இல். அதற்கு வெகுகாலம் முன்பே, ஒரு புள்ளிகூடத் தையலுக்குள் போய்விடாமல் இடைவெளி பார்த்துக் கத்தரித்திருக்கிறாள் அப்பாயி.

ஆனால் என்னைக் கட்டிப்போட்டது பின்பக்கம். பிசிறு விடும் கண்டாங்கிக்கு ஓரத்தில் இரண்டு மடிப்பு. நெருங்க நெய்த சட்டைத்துணிக்கு ஒன்றே போதும் என்று விட்டிருக்கிறாள். நூல் தீர்ந்த இடங்களில் முடிச்சே இல்லை. வந்த வழியே மூன்று தையல் திரும்பி நூலை அடக்கியிருக்கிறாள். தடவிப் பார்த்தால் விரலில் எதுவும் இடறவில்லை. படுக்கிற பிள்ளைக்கு முதுகில் உறுத்தக் கூடாதே!

அடித்துணி வைத்தால் இத்தனையும் மூடிப்போகும். ஒரு வாரம் திருப்பியே போட்டு வைத்திருந்தேன். பிறகு, சுற்றியிருந்த அந்த வேட்டியையே அடியில் விரித்து, நடுவில் நைந்த பருத்திப் புடவை ஒன்றை வைத்து நூலோட்டத் தொடங்கினேன். "நீட்டமா இழுக்காதடி, நெல்லு நீளம் போதும்" என்றாள் பெரிய அத்தை. ஐந்தாம் வரிசை ஒரு விரற்கடை சாய்ந்திருந்தது. பிரித்து நேராக்க மனம் வரவில்லை. என் தையலும் அங்கே சாய்ந்துதான் போகிறது.

வட கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி சமூகப் பெண்கள் பழந்துணி விரிப்பை ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கிச் சுற்றிச் சுற்றித் தைப்பார்கள். மூலைகளில் முக்கோணமாக மடித்த துணியைப் பூ என்று வைப்பார்கள். எனக்கும் ஆசை வந்தது. ஆனால் அப்பாயி நினைக்காத பூவை அவள் துணியில் வைப்பது சரியில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி நின்றுபோன மேல்துணி இருந்தால் முடித்துவிடுங்கள். மடித்த மடிப்பிலேயே கிடந்தால் பருத்தி அங்கேயே இற்றுவிடும். அடித்துணி வைப்பதற்கு முன் ஒருமுறை திருப்பிப் பாருங்கள்.