தபு லேயின் அடுக்கில் ஒரு பெண்குரல்

காங்கோ ரும்பா இசைத்தட்டுகளைச் சேகரிப்பவர்கள் கூடினால் 'மரி-லூயிஸ்' பற்றிய பேச்சு வராமல் இருக்காது. இன்று கின்ஷாசா எனப்படும் லியோபோல்ட்வில்லில், 1948-இல் ங்கோமா நிறுவனம் வெளியிட்ட பாடல் அது. வெண்டோ கொலோசோய் பாட, ஹென்றி போவானே கிதார் வாசித்தார். நள்ளிரவில் அதை ஒலிக்கவிட்டால் செத்தவர்கள் எழுந்து வருவார்கள் என்று ஊரில் நம்பினார்களாம். தட்டின் விலை, கீறல், லேபிளின் நிறம் எல்லாம் பேசுவோம். மரி-லூயிஸ் யார்? பாட்டில் வரும் பெண். அத்துடன் அவரைப் பற்றிய பேச்சு முடிந்துவிடும்.

பேசுவோம் என்றுதான் சொல்கிறேன்; நானும் சேகரிப்பவள். கியூபாவிலிருந்து தட்டுகளில் ஏறி வந்த தாளம் லிங்காலா மொழியில் பாடத் தொடங்கியதும், பாட்டு ஓய்ந்து கிதார்கள் தனியே ஓடும் 'செபென்' பகுதியும் எத்தனையோ இரவுகள் என்னை விழிக்க வைத்திருக்கின்றன. அந்தப் பித்தில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் அது என் காதில் எதை விழவிடவில்லை என்பதை யோசிக்க வேண்டியிருக்கிறது.

1950களின் லியோபோல்ட்வில் மதுக்கூடங்களில் ரும்பாவை வாழவைத்தவர்களில் பெண்கள் சங்கங்களும் உண்டு. 'லா போத்தே' போன்ற பெயர்களில் கூடிய பெண்கள் சீட்டுப் போல் பணம் சேர்த்தார்கள். ஒரே மாதிரித் துணி உடுத்தி ஆடப் போனார்கள். இசைக்குழுக்கள் அவர்களைப் புகழ்ந்து பாடின. அதே காலத்தில் லூசி எயெங்கா, ஒபிகா நிறுவனத்தின் தட்டுகளில் பாடிப் புகழ்பெற்றார். ரும்பாவின் வரலாறோ கிரான் காலே, ஃபிராங்கோ, தபு லே என்று குழுத்தலைவர்களின் வம்சாவளியாகவே எழுதப்படுகிறது.

பாட்டுகளில் பெண்கள் இல்லாமல் இல்லை. ஃபிராங்கோவின் 'மாமு' (1984) இரண்டு தோழிகளுக்குள் நடக்கும் வாக்குவாதம். இரண்டு குரல்களும் ஆண்களுடையவை: ஃபிராங்கோ, மடிலு. அபாரமான பாட்டு; இன்றும் விரும்பிக் கேட்கிறேன். ஆனால் பெண் பேச்சு என்று நாம் ரசிப்பது, பெண்கள் இப்படித்தான் பேசிக்கொள்வார்கள் என்று ஓர் ஆண் நினைத்ததை.

அதையடுத்து ம்பிலியா பெல் பாடிய 'ம்பெவே யா லோங்கோ'வைக் கேளுங்கள். 1980களின் தொடக்கத்தில் தபு லேயின் அஃப்ரிசா குழுவில் பாடியது. கணவன் கைவிட்டுப் போக, பிள்ளைகளைத் தனியே வளர்க்கும் ஒருத்தியின் பாட்டு. அன்று ஜயீர் எனப்பட்ட அந்நாட்டுப் பெண்கள் அதைப் பெரிதும் விரும்பினார்கள். ம்பிலியா பெல்லின் பாடல்கள் பலவற்றை எழுதியவர் தபு லே. அவருடைய வாழ்க்கைத் துணையும் ஆனார். அப்படியானால் இதுவும் ஆண் எழுதித் தந்த பெண்குரல்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பாட்டைக் கேட்டுப் பாருங்கள்: அவர் அழுவதில்லை. குரல் தெளிவாக, நேராக நிற்கிறது. இரக்கத்தைக் கேட்காமல் நடந்ததைச் சொல்கிறது. இன்னொருவர் எழுதிய சொல்லைப் பாடுகிறவள் தன் சொல்லாக்கிக்கொள்ளும் இடம் அது. எழுதியவர் பெயரையும் குழுவின் பெயரையும் மட்டும் பார்ப்பவர்களுக்கு அந்த இடம் தெரிவதில்லை.

இளம்பிள்ளைவாதத்தால் கால் பாதிக்கப்பட்டும் சொந்தக் குழுவை நடத்திய ம்போங்கோ லவ், 1973-இல் பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் பாடிய அபெதி மசிகினி என்று, தங்கள் பெயரிலேயே மேடையேறியவர்களும் இருக்கிறார்கள்.

2021-இல் யுனெஸ்கோ, காங்கோ ரும்பாவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. மரபை யார் பெயரில் அடுக்குகிறோம் என்பது சின்ன விஷயமல்ல. என் அலமாரியில் ம்பிலியா பெல்லின் தட்டுகள் பல ஆண்டுகளாகத் தபு லேயின் அடுக்கில் இருந்தன. வைத்தவள் நானேதான். போன மாதம் அவற்றை எடுத்து அவருக்கென்று ஓர் அடுக்கு ஒதுக்கினேன். பக்கத்தில் லூசி எயெங்காவுக்கு ஒதுக்கிய இடம் காலியாக இருக்கிறது. அவர் பாடிய தட்டு ஒன்றுகூட என்னிடம் இல்லை. இத்தனை ஆண்டுகளில் நான் தேடவும் இல்லை.