ஆற்றல் நிலையம் என்றால் போதுமா?

குற்றாலத்துப் பேரருவியில் நீங்கள் குளித்திருப்பீர்கள். அவ்வளவு உயரத்திலிருந்து விழும் நீர் நம்மைக் கீழே தள்ளிவிடுவதில்லையே, ஏன்? நடுவழியில் பொங்குமாங்கடல் என்னும் ஆழமான பள்ளம் அதைத் தாங்கிக்கொள்கிறது. வேகம் தணிந்த நீரே நம் தலையில் விழுகிறது. அதற்கும் மேலே தேனருவி, செண்பகாதேவி அருவி. சிற்றாறு மலையிலிருந்து படிப்படியாகத்தான் இறங்குகிறது.

"மைட்டோகாண்ட்ரியா செல்லின் ஆற்றல் நிலையம்" என்று எழுதி மதிப்பெண் பெறும் தென்காசி மாணவர் ஒருவரிடம், அந்த நிலையத்துக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. குறை அவருடையதன்று, அந்த ஒற்றை வரியினுடையது. மேல் வகுப்பில் விளக்கம் வருவது உண்மையே. அதற்குள் உவமை மனத்தில் இறுகிவிடுகிறது.

நிலையத்தின் உள்ளே பார்ப்பதற்கென்றே பல ஆண்டுகள் உழைத்தவர் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் வாக்கர். கேம்பிரிட்ஜில் 1970களின் இறுதியில் இப்பணியைத் தொடங்கினார். அடினோசின் ட்ரைபாஸ்பேட் என்ற ஆற்றல் மூலக்கூறைத் தயாரிக்கும் புரதமே அவர் எடுத்துக்கொண்ட பொருள். (அம்மூலக்கூறை 1929இல் கண்டறிந்தவர்களுள் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற சுப்பாராவ்.) மாட்டு இதயத்திலிருந்து புரதத்தைப் பிரித்து, முதலில் அமினோ அமில வரிசையை அறிந்தார். பிறகு தலைப்பகுதியைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர்களால் ஆராய்ந்தார். வடிவம் வெளியானது 1994இல்!

உணவிலிருந்து கிடைக்கும் எலக்ட்ரான்கள், சிற்றாற்றைப் போலவே, படிப்படியாக இறங்குகின்றன. அப்போது வெளிப்படும் ஆற்றல் புரோட்டான்களைச் சவ்வின் மறுபுறம் ஏற்றுகிறது. அவை திரும்பிப் பாயும்போது புரதத்தின் நடு அச்சு சக்கரம்போல் சுழல்கிறது. இதுவரை பாபநாசம் நீர்மின் நிலையம் பொருத்தமான உவமைதான். இதற்கு மேல் பொருந்தாது, ஏனெனில் இங்கே மின்சாரம் பிறப்பதில்லை. தலைப்பகுதியில் வேலை நடக்கும் இடங்கள் மூன்று. வாக்கரின் படத்தில் அவை மூன்றும் மூன்று வடிவில் இருந்தன. ஒன்று காலியாகத் திறந்திருந்தது. அச்சு சுழலச் சுழல, ஒவ்வோர் இடமும் மூலப்பொருளைப் பற்றி, இறுக்கி, மூலக்கூறாக்கி, வெளியே விடுகிறது. ஆற்றல் பெரிதும் செலவாவது மூலக்கூறை ஆக்குவதற்கன்று, ஆக்கியதை விடுவிப்பதற்கே என்று அமெரிக்கரான பால் பாயர் முன்பே கூறியிருந்தார். 1997இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

வாக்கரின் படத்திலும் ஒரு குறை உண்டு. படிகம் அசையாது, சுழற்சியை நாம் ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். அதே 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்த அச்சில் ஒரு புரத இழையைப் பொருத்தினார்கள். நுண்ணோக்கியின் கீழ் இழை சுற்றிச் சுற்றி வந்தது.